அழகு அறுவைக்குப் பின்னால் இருக்கும் உடல்கள்



முகத்தையும் தோலையும் திருத்தும் அறுவை மருத்துவம் என்றதும் கொச்சியிலோ சென்னையிலோ உள்ள பெரிய மருத்துவமனையும், மூக்கைச் சீராக்கிக்கொள்ளும் திரைப்பட நடிகையும் நினைவுக்கு வருவது இயல்பு. கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்பில் வேலை செய்பவருக்கும் மூணாற்றுத் தேயிலைத் தோட்ட லயத்தில் குடியிருப்பவருக்கும் அதில் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் தோடு இழுத்து அறுந்த காதை ஒட்டுவதும், அடுப்புத் தீயில் வெந்து இறுகிய கழுத்தை விடுவிப்பதும், பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைக்கு உதட்டைச் சேர்ப்பதும், விபத்தில் சிதைந்த மூக்கை மீட்பதும் அதே மருத்துவத்தின் வேலைகள்தாம். பிளாஸ்டிக் சர்ஜரி எனப்படும் ஒட்டறுவை மருத்துவத்தை, இழந்ததை மீட்கும் பிரிவு என்றும் தோற்றத்தைச் செம்மையாக்கும் பிரிவு என்றும் பாடநூல்கள் இரண்டாகப் பகுத்தாலும், அறுவை மேசையில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. தோலின் அமைப்பையும், அதனடியில் இரத்தக் குழாயும் நரம்பும் கொழுப்பும் தசையும் எங்கெங்கே இருக்கின்றன என்பதையும் அறியாமல் இரண்டில் எதுவும் நடவாது. அந்த அறிவு யாருடைய உடலிலிருந்து வந்தது, மாநிறத் தோலைப் பற்றி அது எவ்வளவு அறிந்திருக்கிறது, அதை வளர்ப்பதில் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் வாழும் எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் என்ன செய்யக்கூடும் என்பவையே இம்மடலின் பொருள்.

தேனி, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய தலைமுறையின் மூதாட்டிகள் தண்டட்டியும் பாம்படமும் அணிந்து காதை வளர்த்தார்கள். அவர்களுடைய மகள்களும் பேத்திகளும் சிறு தோட்டுக்கு மாறியபோது, தொங்கிய மடலையும் அறுந்த மடலையும் சேர்த்துத் தைக்க வேண்டிய தேவை வந்தது. பார்ப்பதற்கு இது எளிய வேலை. ஆனால் அறுந்து ஆறிப்போன இரு விளிம்புகளும் தோலால் மூடப்பட்டிருப்பதால் அவற்றை அப்படியே சேர்த்துத் தைத்தால் ஒட்டாது. மேல்தோலைச் சீவிப் பச்சைப் புண்ணாக்கிய பிறகே தைக்க வேண்டும். நேர்கோடாகத் தைத்தால், தழும்பு முதிரும் மாதங்களில் அது நீளவாக்கில் சுருங்கி மடலின் அடி விளிம்பில் ஒரு வெட்டுப் பள்ளத்தை உண்டாக்கும் என்பதால், மருத்துவர்கள் பல வேளைகளில் தையல் கோட்டை வளைத்தோ மடித்தோ அமைக்கிறார்கள். காது மடலைச் சேர்ப்பதற்குச் சுசுருத சம்ஹிதை பதினைந்து முறைகளைச் சொல்வதைப் பார்த்தால், காது வளர்த்த சமூகங்களில் இதன் நுட்பம் மிகப் பழையது என்று தெரியும்.

காதுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. கீலாய்டு என்பது காயத்தின் எல்லையோடு நில்லாமல் சுற்றியுள்ள நல்ல தோலுக்கும் பரவித் தடித்து வளரும் தழும்பு. காது மடல், மார்பின் நடு, தோள் ஆகிய இடங்களிலும், வெள்ளைத் தோலைவிடக் கருமையான தோலிலும் அது கூடுதலாகத் தோன்றுகிறது. காது குத்திய இடத்தில் புளியங்கொட்டை அளவில் தொடங்கியதைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு நிறுத்தினால், முன்னைவிடப் பெரிதாக அது திரும்ப வளர்வது வழக்கம். ஆகவேதான் வெட்டுவதோடு ஸ்டீராய்டு ஊசி, காதில் மாட்டும் அழுத்தக் கவ்வி போன்றவற்றையும் சேர்த்து மாதக்கணக்கில் தொடர்கிறார்கள். இந்தத் தோல் இப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டித் தெரிந்த மருத்துவரிடமும் தெரியாதவரிடமும் ஒரே நோயாளி இரு வேறு காதுகளோடு வெளியே வருவார்.

தோலைப் பற்றிய அறிவு அறுவைக்கு முன்னே வந்ததா, பின்னே வந்ததா என்பது சுவையான கேள்வி; விடையின் ஒரு பகுதி பாலக்காட்டையும் தொட்ட ஒரு போரில் இருக்கிறது. 1766இல் ஹைதர் அலி எழுப்பிய பாலக்காட்டுக் கோட்டை மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1790இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. அதே போரில், கம்பெனிப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் வீரர்களிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பிறகு புனே அருகே, செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு அமைத்தார். மெழுகைத் தட்டையாக்கி, சிதைந்த மூக்கின் மேல் பொருத்திப் பார்த்து, அந்த வடிவை நெற்றியில் வைத்துக் கோடிட்டு, கோட்டின்படி தோலை அறுத்து, இரு புருவங்களுக்கு நடுவே ஒரு சிறு துண்டு மட்டும் உடலோடு ஒட்டியிருக்க விட்டு, தோலைத் திருப்பிக் கீழே மடக்கி, மூக்கின் விளிம்பில் கீறிய பள்ளத்தில் அதைச் செருகி, காசுக்கட்டிக் குழம்பு தோய்த்த துணியால் பொதிந்தார். சில நாட்களில் அதை நீக்கி நெய் தோய்த்த துணி வைத்தார். ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளில், புருவ நடுவிலிருந்த இணைப்பையும் அறுத்துவிட்டார். அதைக் கண்ட ஆங்கில மருத்துவர்கள் வழியாகச் செய்தி இலண்டனை அடைந்து 1794இல் ஓர் இதழில் படத்தோடு வெளிவந்தது. அதைப் படித்த இலண்டன் மருத்துவர் ஜோசஃப் கார்ப்யூ 1814இல் அங்கே அதே முறையில் அறுவை செய்து, 1816இல் அதை நூலாக்கினார். இன்றும் அது பாடநூல்களில் இந்திய முறை என்றே அழைக்கப்படுகிறது.

புருவ நடுவில் விட்ட அந்தச் சிறு துண்டு ஏன் தேவை என்பதைப் புனேக்காரர் அனுபவத்தால் அறிந்திருந்தார். காரணத்தை உடற்கூற்றியல்தான் பிற்காலத்தில் விளக்கியது. கண்குழியின் மேல் விளிம்பிலிருந்து நெற்றிக்கு ஏறும் ஒரு மெல்லிய தமனி அந்தத் துண்டின் வழியே போகிறது. அது அறுபடாத வரையில் நெற்றித் தோல் மூக்கில் உயிரோடு இருக்கும். தோலுக்கு இரத்தம் எந்தெந்தக் குழாய்களால் வருகிறது என்று முழு உடலுக்கும் வரைபடம் போடும் வேலையை 1889இல் ஜெர்மானிய மாணவர் கார்ல் மன்ஷோ தொடங்கிவைத்தார். ஆஸ்திரேலியாவின் இயான் டெய்லரும் பால்மரும் 1987இல், இறந்தவர் உடல்களின் தமனிகளில் ஈய ஆக்சைடைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, ஓர் உடலில் தோலை நோக்கி மேலெழும் முக்கியக் குழாய்கள் சராசரியாக 374 என்றும், ஒரே மூலத் தமனியால் ஊட்டப்பெறும் உடற்பகுதிகள் 40 என்றும் கணக்கிட்டார்கள். தொடையிலிருந்து எடுத்த தோலை முகத்தில் பொருத்தினாலும், வயிற்றிலிருந்து எடுத்ததைக் கொண்டு மார்பகம் அமைத்தாலும், அறுவையாளர் முதலில் எண்ணிப் பார்ப்பது இந்த வரைபடத்தைத்தான்.

அழகுச் சிகிச்சையின் ஏனைய அடிப்படைகளும் இவ்வாறே இறந்தவர் உடலில் கண்டறியப்பட்டவை. வியன்னாவின் கார்ல் லாங்கர் 1861இல் சடலங்களின் தோலில் உருளைவடிவ ஊசியால் குத்தினார். துளைகள் வட்டமாக நிற்காமல் ஒரே திசையில் நீண்டன. அவற்றை இணைத்து அவர் வரைந்த கோடுகள் தோலின் இழுவிசை எந்தப் பக்கம் என்று காட்டின. அந்தத் திசையோடு ஒத்துப் போகும் கீறல் மெல்லிய கோடாக ஆறும், குறுக்கே போகும் கீறல் அகன்று தடிக்கும். பாரிசின் மிட்சும் பெய்ரோனியும் 1976இல், முகத் தோலுக்கும் தசைக்கும் இடையே உள்ள உறுதியான நார்ப்படலத்தை விளக்கிய பிறகே, தளர்ந்த முகத்தைத் தூக்கிக் கட்டுவோர் தோலை மட்டும் இழுக்கும் பழைய பிழையை விட்டார்கள். ரோரிச்சும் பெஸ்ஸாவும் 2007இல் சடலங்களின் கன்னத்தில் நீலச் சாயத்தைச் செலுத்தி, முகக் கொழுப்பு ஒரே மெத்தையாக இல்லாமல் தனித்தனி அறைகளாகப் பிரிந்திருப்பதைக் காட்டினார்கள். வயது ஏற ஏற ஒவ்வோர் அறையும் வெவ்வேறு வேகத்தில் வற்றுவதால்தான் கண்ணுக்குக் கீழே குழியும் வாயோரத்தில் மடிப்பும் விழுகின்றன.

அந்தக் குழிகளை நிரப்பும் ஊசிகள் இப்போது சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. கவாஸ்ஜியின் மூக்கை வாழவைத்த அதே நெற்றித் தமனி, கண்ணுக்குள் செல்லும் தமனியின் கிளை. புருவ நடுவில் நிரப்பியைச் செலுத்தும்போது ஊசிமுனை தவறி அதற்குள் புகுந்துவிட்டால், மருந்து எதிர்த் திசையில் தள்ளப்பட்டு விழித்திரையின் குழாயை அடைத்துப் பார்வையைப் பறிக்கக்கூடும். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அழகு அறுவையையும் முடி மாற்றுதலையும் காணொளி பார்த்தோ பயிலரங்கில் அமர்ந்தோ கற்றுவிட முடியாது என்று சொன்னது இத்தகைய காரணங்களால்தான். அழகுநிலையத்தின் பின்னறையில் மலிவாகப் போடப்படும் ஊசிக்கும், உடற்கூறு படித்தவர் போடும் ஊசிக்கும் மருந்துப் புட்டியில் வேறுபாடு தெரியாது.

சரி, இந்த உடற்கூற்று அறிவைத் தந்த சடலங்கள் யாருடையவை? ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் நெடுங்காலமாக அவை பெரும்பாலும் ஏழைகளுடையவை. 1951ஆம் ஆண்டின் சென்னை உடற்கூற்றியல் சட்டமும், 1957ஆம் ஆண்டின் கேரள உடற்கூற்றியல் சட்டமும், உரிமை கோருவார் இல்லாமல் மருத்துவமனையில் கிடக்கும் உடல்களைக் கல்லூரிகளுக்கு அளிக்க வழி செய்தன. அவ்வாறு கிடப்பவர், தொலைதூரத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, முகவரியின்றி இறந்தவராகவே பெரிதும் இருப்பார். அவர் சம்மதித்தாரா என்று எவரும் கேட்டதில்லை. உயிரோடிருந்தவர்களிடமும் கேட்காத காலம் ஒன்று இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஆனைமலைக் காடர்களின் தலையையும் மூக்கையும் இடுக்கியால் அளந்து 1899இல் வெளியிட்டார். மூக்கின் அகலத்தைக் கொண்டு மக்களை மேல்கீழாக அடுக்கலாம் என்ற அந்தக் காலத்து மானிடவியலின் நம்பிக்கை அறிவியலாக நிலைக்கவில்லை. ஆயினும் கூர்மூக்கே அழகு, அகன்ற மூக்கு திருத்தப்பட வேண்டியது என்ற எண்ணத்தில் அதன் எச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பறம்பிக்குளம், நெல்லியாம்பதி மலைகளில் இன்றும் வாழும் காடர் மக்களின் மூக்கில் குறை எதுவும் இல்லை; குறை அளவுகோலில் இருந்தது.

இன்றைய தோல் மருத்துவத்தின் அளவுகோலிலும் பழைய சாய்வு தெரிகிறது. தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் அட்டவணையை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் உருவாக்கியபோது, புறஊதாக் கதிர்ச் சிகிச்சையில் வெள்ளைத் தோலுக்கு எவ்வளவு கதிர் தாங்கும் என்று முடிவு செய்வதே நோக்கம். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் உரிய வகைகள் பிறகுதான் சேர்க்கப்பட்டன. அதனால் வெள்ளையருக்கு நான்கு படிகளும், இந்தியர், ஆப்பிரிக்கர் அனைவருக்கும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு படிகளுமாக அது அமைந்தது. உண்மையில் நிறமியை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அவை உண்டாக்கும் நிறமிப் பொதிகளின் அளவும், பரவும் முறையும், அழியும் வேகமுமே நிறத்தை மாற்றுகின்றன. மாநிறத் தோலில் அந்த உயிரணுக்கள் எளிதில் தூண்டப்படுபவை. பருக்கட்டி, கொசுக்கடி, அழற்சி, அதிகச் சூட்டில் செய்த லேசர், ஆழமாகப் போன ரசாயன உரிப்பு என எது நேர்ந்தாலும் ஆறிய பின் கரும்படலம் மிஞ்சும். குறைந்த அலைநீளமுள்ள லேசர் ஒளியை மேல்தோலின் நிறமியே விழுங்கிக்கொண்டு வெந்துபோகும் என்பதால், கருமையான தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள கருவியைத் தேர்ந்தெடுப்பதும், காதோரத்தில் சிறு இடத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பதும் நல்ல மருத்துவரின் வழக்கம்.

மூணாற்றில் கொழுந்து எடுக்கும் பெண்களின் கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும் மங்கு இதற்குக் கண்முன் உள்ள சான்று. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் உறைப்பதில்லை என்று தோன்றும். ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறும்தோறும் புறஊதாக் கதிரின் வலிமை பத்து விழுக்காடு அளவுக்குக் கூடுகிறது. இடுப்புக்குப் படங்கு கட்டிக்கொள்ளும் தொழிலாளிக்கு முகத்துக்கு நிழல் தரும் அகன்ற விளிம்புத் தொப்பி கிடைப்பதில்லை. கர்ப்பகால இயக்குநீர் மாற்றமும் மரபும் வெயிலோடு சேரும்போது மங்கு கூடும். வெயிலைத் தடுக்காமல் எந்தக் களிம்பைப் பூசினாலும் அது திரும்பும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதல் இரண்டு வாரம் முகத்தைப் பளிச்சென்று காட்டிவிட்டு, பிறகு தோலை மெலியவைத்து, சிவந்த இரத்தக் குழாய்க் கோடுகளையும் மயிரையும் பருக்களையும் கொண்டுவருகிறது. நிறுத்தினால் முகம் எரியும், நிறுத்தாவிட்டால் தோல் கெடும் என்ற பொறியில் மாட்டிய பெண்கள் நாடெங்கும் உண்டு.

வெளுப்பாக்கும் களிம்பு இதைவிடக் கொடியதாகவும் இருக்கலாம். பாலக்காட்டை அடுத்த மலப்புறம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை வடிகட்டிச் சவ்வு நோயோடு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த 22 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் 15 பேரிடம் அரிதாகக் காணப்படும் ஒரு புரத அடையாளம் தென்பட்டது. அந்தப் பதினைவரில் 13 பேர் வெளுப்பாக்கும் களிம்பு பூசியவர்கள். களிம்பிலிருந்த பாதரசம் நிறமி உண்டாகாமல் தடுத்ததோடு, தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் தாக்கியிருந்தது. ஆய்வு 2024இல் சர்வதேசச் சிறுநீரகவியல் இதழில் வெளியானது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 முதலே 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் இத்தகைய சரக்கைத் தேடிப் பறிமுதல் செய்துவருகிறது. தோலைப் பற்றிய ஆராய்ச்சி இந்த மண்ணில் நடந்ததால் கிடைத்த பயன் இது. நோயாளிகளிடம் என்ன பூசுகிறீர்கள் என்று மருத்துவர்கள் பொறுமையாகக் கேட்டிராவிட்டால் காரணம் புலப்பட்டிருக்காது.

தோல் ஆராய்ச்சிக்குத் தென்னாட்டில் நீண்ட மரபே உண்டு. 1922இல் எறணாகுளத்தில் பிறந்த ஜி.என். இராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் சடைப் பின்னலைப் போல மூன்று இழைகள் முறுக்கிய அமைப்புடையது என்பதை 1954, 1955ஆம் ஆண்டுகளில் அறிவித்தார். தழும்பு என்பதும் சுருக்கம் என்பதும் இந்த இழைகளின் கதைதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கி, எஞ்சிய சவ்வைக் கொண்டு உருவாக்கிய புண்ணாற்றும் பொருள் 2023இல் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெற்றது.

இவ்வளவும் வெறும் ஆடம்பரத்துக்கா என்று கேட்பவர்கள் வேலூரை நினைக்கலாம். 1946இல் அங்கே வந்த மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய சகாக்களும் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்கள். கிருமி நீங்கியவரும் கை சரியானவரும் ஊருக்குத் திரும்பியபோது, புருவம் உதிர்ந்து மூக்குத் தணிந்த முகத்தைப் பார்த்தே வேலை மறுக்கப்பட்டது. எனவே காதுக்கு முன்னே ஓடும் பொட்டுத் தமனியோடு சேர்த்துத் தலைமுடியுள்ள தோலின் சிறு கீற்றை எடுத்து, நெற்றித் தோலுக்கு அடியில் சுரங்கம் போட்டு இழுத்துப் புருவமாக நட்டார்கள். தலைமுடி என்பதால் அந்தப் புருவம் வளர்ந்துகொண்டே இருந்தது. பெருமையோடு அதைக் கத்தரிக்காமல் அடர்த்தியாக வளரவிட்டவர்களும் உண்டு. அழகு அறுவை என்பதற்கு இதைவிடத் துல்லியமான தேவையைக் காட்டுவது கடினம்.

இடுக்கிக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. இந்தியாவின் முதல் இரட்டைக் கை மாற்று அறுவை 2015 ஜனவரியில் கொச்சி அம்ருதா மருத்துவமனையில் டாக்டர் சுப்பிரமணிய ஐயர் தலைமையில் நடந்தபோது, கைகளைப் பெற்றவர் இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழையைச் சேர்ந்த இளைஞர். அதே மருத்துவமனையில் 2017இல் ஓர் இளம்பெண்ணுக்கு ஓர் ஆணின் கைகள் பொருத்தப்பட்டன. கருமையாகவும் பருமனாகவும் இருந்த அவை காலப்போக்கில் மெலிந்து, அவருடைய மேல்கையின் நிறத்தை நெருங்கின. பெறுபவரின் இயக்குநீர்களா, நிணநீர் வழியே நிறமி வடிந்ததா, வெயில் குறைந்ததா என்று பல விளக்கங்கள் உலவுகின்றன. நிறம் தோலுக்குள் எவ்வாறு ஆளப்படுகிறது என்ற பெருங்கேள்விக்கு, கைகளைக் கொடுத்தவரின் குடும்பம் துக்கத்துக்கு நடுவே அளித்த சம்மதம் வாசல் திறந்துவிட்டது.

இனி எல்லையோரக் குடும்பங்கள் செய்யக்கூடியதைப் பார்க்கலாம். இறந்தவரின் தோலைக் கொடையாகப் பெறுவதை, உறுப்புகளோடு திசுக்களையும் சேர்த்து 2011இல் திருத்தப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. கண்தானம் போலவே இதயம் நின்ற பிறகு பொதுவாக ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கலாம். இரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. எய்ட்ஸ், கல்லீரல் அழற்சி வைரஸ், தோல் புற்று, இரத்தத்தில் பரவிய தொற்று போன்றவை இருந்தால் ஏற்கப்படாது. டெர்மடோம் எனப்படும் சீவுகருவியால் தொடை, கால், முதுகு ஆகியவற்றிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் மேலடுக்கு மட்டும் எடுக்கப்படுகிறது. முகமும் கைகளும் மார்பும் தொடப்படுவதில்லை. எடுத்த இடத்தில் கட்டுப் போட்டு ஆடை உடுத்தி உடலைத் திருப்பித் தருகிறார்கள், ஈமச் சடங்குக்கு எந்தத் தடையும் இல்லை. கிளிசராலில் பதப்படுத்திய தோலைக் குளிர்பெட்டியில் ஐந்தாண்டு வரை வைத்திருக்கலாம்.

உடலில் பாதி வெந்தவருக்குச் சொந்தத் தொடைத் தோலை எடுத்து ஒட்ட இடமே இராது. கொடைத் தோல் இரண்டு மூன்று வாரம் புண்ணை மூடித் தொற்றையும் நீரிழப்பையும் வலியையும் குறைக்கிறது, பின்பு உடல் அதைத் தள்ளிவிடும்போது அடியில் சொந்தத் தோலை ஏற்கும் பரப்பு ஆயத்தமாகியிருக்கும். விரைவில் மூடப்பட்ட புண்ணில் தழும்பின் இறுக்கமும் குறைவு என்பதால், பிற்காலத்தில் தோற்றத்துக்காகச் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. கோவை கங்கா மருத்துவமனையில் தோல் வங்கி இயங்குகிறது. கேரள அரசு தன் வங்கியைத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் 2025இல் தொடங்கியது. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பகுதியினருக்குக் கோவை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டும் தொலைவு. திருவனந்தபுரம் இருக்கட்டும், மூணாற்றிலிருந்து கொச்சிக்கே 130 கிலோமீட்டர் மலைச்சாலை. மழைக்காலத்தில் ஆறு மணி நேரக் கெடு அந்த வளைவுகளிலேயே கழிந்துவிடும். ஆகவே மூணாற்றிலும் குமுளியிலும் தோல்தானம் செய்யுங்கள் என்று வெறுமனே பிரசாரம் செய்வதில் பொருளில்லை. 2022இல் 100 மாணவர்களோடு மறுபடி தொடங்கிய இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரியிலும் எஸ்டேட் மருத்துவமனைகளிலும் தோலை எடுத்து அனுப்பப் பயிற்சி பெற்ற குழு வேண்டும் என்று கேட்பதே முதல் வேலை.

உடல் கொடையில் அந்தக் கெடு அவ்வளவு இறுக்கமானது இல்லை; ஆனாலும் தாமதம் ஆகாது. ஃபார்மலின் ஏற்றிய உடலில் தோல் விறைத்துவிடுவதால், அழகு அறுவையைப் பயிலவும் ஆராயவும் மென்மை மாறாமல் பதப்படுத்திய உடல்களே ஏற்றவை. அவை காலந்தாழ்த்தாமல் வந்து சேர வேண்டும், உரிமை கோரப்படாத உடல்களில் அது இயலாது. பாலக்காட்டில் 2014இல் பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறையின் கீழ் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியில் பெரும்பகுதி இடங்கள் அச்சமூக மாணவர்களுக்கு உரியவை. நெடுங்காலம் அறுவை மேசையில் உடலாக மட்டுமே இடம்பெற்ற மக்களின் பிள்ளைகள் இப்போது மேசையின் மறுபக்கம் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் உடல், சம்மதித்துக் கொடுத்தவருடையதாக இருப்பது முறை.

சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் காலமான மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸின் உடலை எறணாகுளம் மருத்துவக் கல்லூரிக்கு அளிப்பதில் பிள்ளைகளுக்குள் பிணக்கு எழுந்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இறுதியில் கொடை நிலைத்தது என்றாலும், அத்தனை மாதங்களும் உடல் காத்திருக்க நேர்ந்தது. எனவே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளை வைத்து, மகன் மகள் அனைவரிடமும் வாயாலும் சொல்லி, படியைக் குடும்ப அட்டையோடு வைப்பது நல்லது. எல்லைக்கு அப்பால் தேனியிலோ கோவையிலோ உறவினர் உள்ள குடும்பம், இறப்பு எந்த மாநிலத்தில் நேர்கிறதோ அங்குள்ள கல்லூரியின் எண்ணையும் குறித்து வைத்திருக்க வேண்டும்.

படிவங்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே எஸ்டேட்டு முதியவர்கள் கைநாட்டு வைக்க நேரும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ள உரிமை தருகிறது. உடல்கொடை, தோல்கொடை, அழகு அறுவை ஆகிய மூன்றுக்கும் உரிய சம்மதப் படிவங்களும், எந்தப் பகுதி எடுக்கப்படும், ஆராய்ச்சிக்குப் பயன்படுமா, பயிற்சிக்கு மட்டுமா, ஆய்வு முடிந்தபின் உடல் என்ன ஆகும் என்ற விளக்கமும் தமிழில் வேண்டும் என்று சித்தூரிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் உள்ள ஊராட்சிகள் தீர்மானம் நிறைவேற்றி, இரு மாவட்ட மருத்துவ அலுவலர்களுக்கும் இரு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும் அனுப்பலாம். அடுத்த கிராமசபைக் கூட்டத்திலேயே அதை எடுத்துவைக்க எந்தத் தடையும் இல்லை.